பாகியோவில் துணி காயுமா?

சோலெங்கக்கா துணி காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. தைத்த விளிம்பை மடித்து மேலுதட்டில் வைப்பார். தண்ணீரிலேயே கிடந்து மரத்துப்போன கை ஏமாறும், உதடு ஏமாறாது என்பார். மணிலாவை ஒட்டிய மலபோனில் எங்கள் தெருக்காரர்கள் முப்பத்தெட்டு வருடமாக இதைப் பார்க்கிறோம். கொடிக்கயிறு நெடுக நடந்துகொண்டே ஒவ்வொரு சட்டைக்கும் முத்தம் கொடுப்பதுபோல இருக்கும். "புருசனுக்குக் கிடைக்காதது சட்டைக்கெல்லாம் கிடைக்குது" என்று அவர் புருசன் நார்டோ அண்ணன் சொல்லாத நாள் கிடையாது.

அடுத்தது அவர் மூக்கு. வெயில் படாமல் காய்ந்த துணியில் ஒரு வாடை வருமே, அதற்கு எங்கள் ஊரில் 'குலோப்' என்று தனிச்சொல்லே உண்டு. தெருவில் யார் போனாலும் "உன் காலர் குலோப் அடிக்குது, கழட்டிக் குடு" என்று நடுவழியில் நிறுத்திவிடுவார். பாதிரியாரையே ஒருமுறை நிறுத்தினார்.

பதின்மூன்று வயதில் துவைக்கத் தொடங்கியவர். நடுவில் ஒன்பது வருடம் மணிலாவில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. மற்றபடி எல்லாம் இந்த வீட்டு முற்றத்தில்தான். அந்த வீடுதான் இப்போது பிரச்சினை. கடல் ஏறும்போதெல்லாம் மலபோனில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போகும். அதற்காக மூன்று முறை மண் கொட்டித் தரையை உயர்த்திவிட்டார்கள். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நார்டோ அண்ணன் நல்ல உயரம். சவாரி ஏற்றும் ட்ரைசிக்கிள் ஓட்டிவிட்டு வந்தால் வாசலில் குனிபவர், மறுநாள் வெளியே வந்துதான் நிமிர்வார். இந்த ஆகஸ்ட் மாதம் தண்ணீர் மறுபடி கட்டில் கால் வரை வந்தது. நான்காம் முறை உயர்த்தினால் சோலெங்கக்காவும் குனிய வேண்டும். குனிந்துகொண்டு தோய்க்கலாம், உலர்த்த முடியாது.

அந்த வாரம்தான் மனாங் சாபிங் போன் செய்தார். மலையூரான பாகியோ பக்கம் அக்காவை மனாங் என்பார்கள். ஆஸ்பத்திரியில் சோலெங்கக்காவோடு ஒன்றாகத் துவைத்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பிப் போனவர் அவர்.

"சோலெங், எங்க கீழ் வீடு காலியாயிருச்சு. ஏறி வர்றியா?"

"பாகியோவுக்கா? குளிருமே மனாங்."

"குளிரும். ஆனா தண்ணி கட்டிலுக்கு வராது. ஒரு புருசன் பொண்டாட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

நார்டோ அண்ணன் போன வருடக் காலண்டரைக் கழற்றிப் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் 'ஏறலாம்', மறுபக்கம் 'வேண்டாம்'. ஏறலாம் பக்கத்தில் முதல் வரி: வெள்ளம் இல்லை. இரண்டாவது வரி: கொசு இல்லை. வேண்டாம் பக்கத்தில் முதல் வரியே கொட்டை எழுத்தில்: ட்ரைசிக்கிள்.

"அந்த மேட்டுல என் வண்டி பின்னாடிதான் போகும்" என்றார்.

"உன் வண்டி இங்கயும் பின்னாடிதான் போகுது. எழுது, அங்க துணி காயுமா?"

"அது எந்தப் பக்கம்?"

"தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்."

பையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு வெள்ளைத் துண்டு, ஆறு கிளிப்புகள். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிவிட்டார். ஆகஸ்ட் மாதம், மழைக்காலத்தின் நட்ட நடு. பார்ப்பதானால் மோசமான மாதத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

மனாங் சாபிங் பெரிய சாலையில் குடையோடு காத்திருந்தார்.

"வீடு எங்க மனாங்?"

"இதோ, கீழதான்."

படி இறங்கினார்கள். சோலெங்கக்கா எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதில் ஒரு திருப்பம், எழுபத்தொன்றில் ஒரு கோழிக்கூண்டு, நூற்றுப் பதினெட்டில் வீடு. நின்று மேலே திரும்பிப் பார்த்தார்.

"அழுக்கு மூட்டையோட இதுல இறங்கி, வெளுத்த மூட்டையோட இதுல ஏறணும். மனுசன் துணியைத் துவைக்கக் குடுக்க மாட்டான் மனாங், புதுசு வாங்கிக்குவான்."

மனாங் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

வீட்டில் குறை இல்லை. இரண்டு அறை, தொட்டி, ஓயாமல் வரும் தண்ணீர். வாசலில் மழைநீர் ஒரு ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. போன தண்ணீர் திரும்பி வரவில்லை. சோலெங்கக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க போகுது இது?"

"கீழ. உங்களுக்குத்தான்."

மதியம் இரண்டு மணிக்கு மழை விட்டது. துண்டை அலசிப் பிழிந்து வாசல் கயிற்றில் மாட்டினார். சமவெளிக்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. மழை இல்லாவிட்டால் காயும் என்று நினைப்போம். மூன்று மணிக்கு மூடுபனி மலையேறி வந்து, கயிறு, துண்டு, கிளிப்பு எல்லாவற்றையும் விழுங்கிற்று. நான்கு மணிக்கு எடுத்தபோது துண்டு மாட்டிய நேரத்தைவிடக் கனமாக இருந்தது.

மனாங் சாபிங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி, துண்டுக்குத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போனியா?"

"அப்ப நீங்கல்லாம் எப்படித்தான் காய வைக்கிறீங்க?"

"அடுப்புக்கு மேல. கட்டிலுக்கு மேல. சில நாள் உடம்பு மேலேயே."

சனிக்கிழமை முழுக்க இதே ஆராய்ச்சிதான். ஊர் பார்க்க வந்தவர்கள் ஏரியையும் பூக்களையும் பார்ப்பார்கள். சோலெங்கக்கா கொடிக்கயிறுகளைப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் சூடான முதுகில் ஒட்டிக் கிடந்த காலுறைகளைப் பார்த்தார். ஒரு வீட்டில் சாமி படத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி உள்ளாடை தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வீட்டம்மாவிடம், "இது நேத்து தோச்சதா?" என்றார். "புதன்கிழமை" என்று பதில் வந்தது. பிறகு கல்லூரிப் பக்கம் போகும் ஜீப்னி என்ற குட்டி பஸ்ஸில் ஏறினார். உள்ளே பதினெட்டு மாணவர்கள், முழங்காலோடு முழங்கால் இடிக்க. இரண்டாவது நிறுத்தத்திலேயே இறங்கிப் போனை எடுத்தார்.

"நார்டோ! ஊரே குலோப்!"

"அடக் கடவுளே. வேண்டாம் பக்கம் எழுதிரவா?"

"இரு."

"என்ன இரு? துணி காயாத ஊர்ல உனக்கென்ன வேலை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். மலபோன்ல கயிறு கட்டினவன் துணியெல்லாம் காயும். இங்க கயிறு இருக்கு, காயல. பாவம், பசங்க நாறுதுங்க. காய வைக்கிற ஆள் ஒருத்தர் இங்க வந்தா..."

"வந்தா? நீ என்ன சூரியனைக் கையோட கூட்டிட்டுப் போறியா?"

சோலெங்கக்கா போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் துண்டு இன்னும் ஈரம். விளிம்பில் குலோப் வேறு தொடங்கியிருந்தது. அதை மறுபடி அலசிக்கொண்டு நின்றபோதுதான் பூனையைக் கவனித்தார். மனாங் வீட்டில் அடுப்படி இருக்கிறது, மெத்தை இருக்கிறது. அந்தப் பூனை அதையெல்லாம் விட்டுவிட்டு, காலியாகக் கிடக்கும் கீழ் வீட்டின் பின்னறையில், வெறும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. நேற்றும் அங்கேதான் கிடந்தது.

சுவரைக் கையால் தொட்டார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து மேலுதட்டை வைத்தார்.

"மனாங்! இங்க வா! சுவர் சுடுது!"

"அதுவா? அந்தப் பக்கம் பேக்கரி. அவன் அடுப்பு நம்ம சுவரோட ஒட்டித்தான் இருக்கு. ராத்திரி வரைக்கும் சூடு நிக்கும்."

"பேக்கரியா? இந்தப் பள்ளத்துலயா? நூத்துப் பதினெட்டுப் படி இறங்கி வந்து யாரு ரொட்டி வாங்குறா?"

"யாரு படி இறங்குறா? கீழ் ரோட்டுல இருந்து வருவாங்க."

"கீழ் ரோடா? கீழ இன்னொரு ரோடு இருக்கா?"

மனாங் சாபிங் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கித் திறந்து காட்டினார். எட்டே படி. அதன் அடியில் சாலை, ஜீப்னி நிறுத்தம், கையில் ரொட்டிப் பையோடு மாணவர்கள்.

"மலையில ஒரு ரோட்டுக்குக் கீழ இன்னொரு ரோடு இருக்கும்டி. பின்ன நாங்க என்ன, தினமும் நூத்துப் பதினெட்டு ஏறியா சாகுறோம்?"

"என்னை அந்த வழியா இறக்குனியே!"

"உன் பஸ்ஸு மேல் ரோட்டுல நின்னுச்சு."

"ரெண்டு நாளா மூட்டை மூட்டைன்னு புலம்பறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வீடு எங்கன்னு கேட்ட. கீழன்னு சொன்னேன். வீட்டுக்குக் கீழ என்னன்னு நீ கேக்கவே இல்லியே."

எட்டரை மணிக்குப் பேக்கரிச் சுவரை ஒட்டி ஒரு கயிறு கட்டினார். துண்டை மாட்டி, ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தார். அடைத்துவைத்த சூட்டில் வாடைதான் வரும், காற்று நடமாட வேண்டும். பூனையை இடம்மாற்றினார். அது திரும்பி வந்து துண்டுக்கு அடியிலேயே படுத்தது. வெளியே மழை கொட்டியது. பத்து மணிக்குத் துண்டின் நடுப்பகுதி காய்ந்தது. விளிம்பு காயவில்லை. பதினோரு மணிக்கும் இல்லை. காய்ந்ததா இல்லையா என்பதை விளிம்புதான் சொல்ல வேண்டும், அதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்கு அந்தக் கணவனும் மனைவியும் வந்துவிட்டார்கள். கையில் ஒரு அளவு நாடாகூட இருந்தது.

"சொல்லு சோலெங்" என்றார் மனாங்.

சோலெங்கக்கா விளிம்பை மடித்து உதட்டில் வைத்தார். "இன்னும் கொஞ்சம் மனாங்."

"நேரமாச்சு."

"அவங்களுக்குக் காப்பி குடு. பாவம், நனைஞ்சு வந்திருக்காங்க."

மனாங் முறைத்தார். ஆனால் காப்பி போடப் போனார், அதுவும் பால் காய்ச்சி. கோப்பைகள் காலியாகும்போது மணி பன்னிரண்டு இருபது. சோலெங்கக்கா நான்காவது முறையாக விளிம்பை உதட்டில் வைத்தார். பிறகு துண்டில் முகத்தைப் புதைத்து நீளமாக மூச்சை இழுத்தார்.

"குலோப்பா?" என்றார் மனாங்.

"இல்ல. ஆனா வேற ஒண்ணு அடிக்குது. ரொட்டி வாசம்."

மனாங் வாங்கி முகர்ந்தார். வந்திருந்த அம்மாளும் எட்டி முகர்ந்தார்.

"பசிக்குது" என்றார் அந்த அம்மாள்.

"வீடு எனக்கு மனாங்."

வந்தவர்கள் முகம் வாடித்தான் போயிற்று. மனாங் அவர்களுக்கு மூன்று தெரு தள்ளி இன்னொரு இடம் சொல்லி அனுப்பினார். "இதோ, மேலதான்" என்று வழி காட்டினார்.

அதன் பிறகுதான் சோலெங்கக்கா மலபோனுக்குப் போன் செய்தார். பூனையிலிருந்து காப்பி வரை ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் நார்டோ அண்ணன் காலண்டரும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நாங்கள் சுற்றி நின்றோம்.

"எல்லாம் சரி. என் ட்ரைசிக்கிள்?"

"இங்க ஓடாது நார்டோ. பாத்துட்டேன். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அண்ணன் எழுந்தார். வீட்டுக்குள் நின்றார், வழக்கம்போலக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. தலைமுடி தகரத்தில் உரசியது.

"சோலெங், ஒண்ணு கேக்கறேன். கூரை எவ்ளோ உயரம்?"

இரண்டு நாளாக அந்த ஊரில் எதை எதையோ முகர்ந்து பார்த்தவர், ஒருமுறைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை. போனில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம்.

"நாற்காலி மேல நிக்கறேன். கையைத் தூக்கிட்டேன். எட்டல."

அண்ணன் காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி. ஏறி வர்றேன்."