கோல் காத்தவனைக் கேட்ட தபால்காரர்

சைக்கிள் ரியூபை இருவரும் சேர்ந்துதான் ஒட்டினார்கள். காற்றடித்த ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்திப் பிடித்தார் சிற்றம்பலம். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உரசி, பசை பூசினான் மகன் தில்லைநாதன். அவன் நீர்ப்பாசனப் பகுதியில் பொறியியலாளர். லீவில் முள்ளிவாய்க்காலுக்கு வரும்போதெல்லாம் தகப்பன் இப்படி ஏதாவதொரு வேலை வைத்திருப்பார்.

“பசை காய முன்னம் ஒட்டிப்போடாதை.”

“தெரியும் ஐயா.”

“தெரியுமெண்டு சொல்லித்தான் போனமுறையும் கழண்டது.”

அந்தக் கிழமையே, முல்லைத்தீவில் தபால் பையை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில், நெஞ்சைப் பிடித்தபடி தெருவோரம் குந்திய சிற்றம்பலம் பிறகு எழும்பவில்லை. அது 1967 ஆவணி.

சிற்றம்பலம் தபால்காரர். அந்தக் கடற்கரை ஊர்களில் நடந்த கால்பந்துப் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் மத்தியஸ்தர். அதற்கென்று அவர் எந்தச் சோதனையும் எழுதவில்லை. வீட்டுக்கு வீடு போகிறவர், ஒருவரோடும் பகையில்லாதவர் என்று ஊரே அவர் கையில் விசிலைக் கொடுத்துவிட்டது. காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஆட்டக்காரருக்குச் சமமாக ஓடுவார்.

தில்லைநாதன் கொழும்பில் பல்கலைக்கழகம் போன அடுத்த வருடமே அதன் அணிக்குக் கோல் காப்பாளன் ஆனான். அந்த அணிக்கு அப்போது பெரிய பெயர் ஒன்றுமில்லை. இராணுவ அணியிடம் தோற்கும், பொலிஸ் அணியிடம் தோற்கும். துறைமுகத் தொழிலாளர்கள் ஒருமுறை ஏழு கோல் போட்டு அனுப்பினார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராது என்று பார்க்க வந்தவர்களே சிரித்தார்கள். 1955இல் யாழ்ப்பாணத்துத் தவராசா தலைவனானான். விடிய முன்னமே எல்லோரையும் எழுப்பி ஓடவிட்டான். அந்த வருடம் அணி தோற்காமலே வந்துகொண்டிருந்தது.

முள்ளிவாய்க்காலில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைமை வாத்தியாருக்கு வரும் பத்திரிகையைச் சுற்றுத்தாள் கிழியாமல் உருவி, விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்து, திரும்பவும் சுற்றி வைத்துவிட்டுத்தான் சிற்றம்பலம் சைக்கிளில் ஏறுவார். பிறகு ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் கடிதத்தோடு முடிவும் போகும்.

“உங்களுக்கு மட்டக்களப்புக் கடிதம். ஆமிக்கு மூண்டு, எங்களுக்கு நாலு.”

வாத்தியார் ஒருநாள் கேட்டார்: “சிற்றம்பலம், என்ர பேப்பரை நான் வாசிக்க முன்னம் ஊர் முழுக்க வாசிச்சிட்டுதோ?”

“இல்லை மாஸ்டர். நான் மட்டுந்தான் வாசிச்சனான். மற்றவைக்குச் சொன்னனான்.”

பருவத்தின் கடைசிப் பயணமாக அணி வடக்கே வந்தது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வென்றது. கடைசி ஆட்டம் முள்ளிவாய்க்கால் கழகத்தோடு. கூப்பிட்டு எழுதியவர் சிற்றம்பலமே. அதிலும் தோற்காவிட்டால், அந்த அணியின் வரலாற்றில் தோல்வியில்லாத முதல் வருடம் அது.

முள்ளிவாய்க்கால் மைதானத்தின் கோல் கம்பங்களில் அதுவரை வலை கட்டியதே இல்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சந்தேகம் வந்தால், மத்தியஸ்தர் கோல் காப்பவனைக் கேட்பார். அவன் சொல்வதுதான் முடிவு. பொய் சொல்லிவிட்டு அடுத்தநாள் காலையில் அதே ஆட்களோடு சேர்ந்து கடலில் மீன்வலை இழுக்க எவனாலும் முடியாது.

பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்ற மரியாதைக்காக, கரைவலை முதலாளி சம்மாட்டி ஐயாத்துரை தன் வலையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். கடற்றொழிலாளர்கள் அதைக் கம்பங்களில் அழகாகக் கட்டினார்கள். அடிக்கயிற்றை நிலத்தில் முளை அடித்து இறுக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கடலில் வலையின் அடியை ஈயக்குண்டின் பாரம் பிடித்துக்கொள்ளும். கரையிலும் அப்படியே விட்டார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முள்ளிவாய்க்கால் அணியின் ஜவாஹிர் நடுவிலிருந்து தனியே பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். சிற்றம்பலம் பின்தங்கிவிட்டார். ஜவாஹிர் நிலத்தோடு அடித்தான். தில்லைநாதன் பாய்ந்தான், பந்து விரலுக்கு எட்டவில்லை. உள்ளே போன வேகத்தில் வலையின் அடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வெளியேறி ஓடியது. ஈயக்குண்டுகள் வலையை மீண்டும் மணலில் இறக்கிவிட்டன. மணலில் கிடந்த தில்லைநாதன் ஒருவன்தான் அதைக் கண்டான்.

“கோல்!” என்றது கூட்டத்தில் ஒரு பாதி.

“வெளிய! கம்பத்துக்கு வெளியால போனது!” என்றான் தவராசா. அவன் பொய் சொல்லவில்லை, நின்ற இடத்திலிருந்து அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கோட்டோரம் கொடி பிடித்த இருவரும் ஆளுக்கொரு பக்கத்து ஆட்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

சிற்றம்பலம் கோல் கம்பத்தடிக்கு நடந்தார். எதற்கு நடக்கிறார் என்று ஊருக்கு விளங்கியது.

“தபால்காரர், கடிதத்தை உங்கட வீட்டிலேயே குடுக்கப் போறியளோ?” என்று ஒருவன் கத்தினான்.

“தகப்பனும் மகனும் கதைச்சு முடிக்கப் போயினம்! வாங்கோ, வீட்டை போவம்!”

மகன் இப்போது இந்தக் கரையில் வலை இழுப்பவன் அல்ல. நாளை பஸ் ஏறிப் போய்விடுவான். வழக்கம் அவனையும் கட்டுமா என்பதுதான் எல்லோர் மனதிலும். அணியின் தோல்வியில்லாத வருடமும் தகப்பனின் பெயரும் அந்த ஒரு பதிலில் தொங்கின.

“தம்பி, பந்து உள்ளுக்கு வந்ததோ?” எந்தக் கோல் காப்பவனையும் கேட்கிற அதே குரல். கேட்டுவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

தில்லைநாதன் தவராசாவைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான்.

“ஓம். உள்ளுக்குத்தான் வந்தது.”

விசில் ஊதியது. ஒன்றுக்குப் பூச்சியம். அப்படியே ஆட்டமும் முடிந்தது.

“பந்தை விடாதையெண்டு சொன்னன். நீ பந்தையும் விட்டு வாயையும் விட்டிட்டாய்,” என்றான் தவராசா.

சிற்றம்பலத்தின் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. தாய் சிவனேஸ்வரி நண்டு காய்ச்சியிருந்தா. தவராசாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

“ஐயா, காணேல்லையெண்டால் விட்டிருக்கலாந்தானே?”

“கண்டவன் ஒருத்தன் அங்க நிண்டான். பிறகேன் விடுறது?”

“அவன் உங்கட மகனெல்லோ?”

“ஓமோம். அதாலதான் ஒருக்காக் கேட்டன். மற்றவங்களெண்டால் ரெண்டுதரம் கேட்பன்.”

தவராசா சிரித்துவிட்டான். நண்டுக் காலை உடைத்துத் தில்லைநாதனின் கோப்பையில் போட்டான். தில்லைநாதன் அந்தப் பதிலை இன்றைக்கும் மறக்கவில்லை. பட்டம் வாங்கியபோதும் தகப்பன் அவனைப் பற்றி அவ்வளவு பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை.

அடுத்தநாள் பஸ் போன பிறகுதான் கவனித்தார்கள். அந்தக் கரையில் ஆட்டப் பந்து வென்ற பக்கத்துக்குச் சேரும். பல்கலைக்கழகம் கொண்டுவந்த தோல் பந்து, ஈரச் சட்டைகளோடு சேர்ந்து அவசரத்தில் பஸ் ஏறிவிட்டது.

“எடுத்துத் தாறன்,” என்று ஜவாஹிருக்கு வாக்குக் கொடுத்தார் சிற்றம்பலம்.

தில்லைநாதன் தானே கொண்டுவருவதாக எழுதினான். தகப்பனின் பதில் உடனே வந்தது: தோற்ற பக்கத்தான் கொண்டுவந்து கொடுத்தால் அது தானம், கேட்டு வாங்க வேண்டியவன் மத்தியஸ்தன், நானே வருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் லீவு கேட்பார். ஒரு வருடம் மகளின் கலியாணம். ஒரு வருடம் புயல். ஒரு வருடம் அவருக்குப் பதில் தபால் கொடுக்க ஆளில்லை. முல்லைத்தீவில் கடை வைத்துவிட்ட ஜவாஹிர் காணும்போதெல்லாம் விடமாட்டான்.

“என்ன தபால்காரர், எங்கட பந்துக்கு இன்னும் முத்திரை ஒட்டேல்லையோ?”

“வரும், வரும். தூர இடத்துப் பார்சல்.”

சிற்றம்பலத்தின் செத்தவீட்டுக்கு ஜவாஹிர் வந்தான். தில்லைநாதனின் கையைப் பிடித்தான்.

“பந்தெடுக்கப் புரட்டாசியில போறனெண்டவர்,” என்றான்.

அவருக்கு லீவு கிடைத்திருந்தது. மாங்குளத்தில் ரயில் ஏறி, கொழும்பில் இறங்கி, பல்கலைக்கழக மைதானத்துக்குப் போய்ப் பந்தைக் கேட்க வேண்டும். வேறு எவரும் போய்க் கேட்க முடியாது. தில்லைநாதன் தோற்ற பக்கம். ஜவாஹிர் வென்ற பக்கம். கேட்க வேண்டிய மத்தியஸ்தன் இனி இல்லை.