மாப்பிள்ளை ஆர் என்று கேட்ட பிள்ளை

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அண்ணையின் மகளுக்கு மாமி முறையில் தண்ணீர் வார்க்க, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு விடியவே போனேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பெரியபிள்ளையாகி மூன்று கிழமைதான். மத்தியானம் மண்டபத்தில் சடங்கு. மேடை, மாலை, வீடியோ, ரொறன்ரோவிலிருந்து கேக். கலியாண வீடு தோற்றுவிடும், அப்படி ஒரு அமர்க்களம்.

சட்டையோடு தொட்டிக்குள் இருத்தி, தலையில் பாலும் அறுகும் வைத்து நான்தான் முதலில் வார்த்தேன். பிள்ளை நடுங்கினாள். குளிராக்கும் என்று சுடுதண்ணீரைக் கூட்டினேன். நடுக்கம் நிற்கவில்லை.

பிறகு அறையில் சிவப்புப் பட்டுச் சேலை உடுத்தி நகை பூட்டும்போது என் கையைப் பிடித்தாள். பிரெஞ்சும் தமிழும் கலந்து கதைக்கிறவள், அன்று தனித் தமிழில் கேட்டாள்.

"மாமி, மாப்பிள்ளை ஆர்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். "ஏனடி, அவ்வளவு அவசரமோ?"

அவள் சிரிக்கவில்லை. "போன வருசம் பெரியம்மா வீட்டு அக்காவின்ரை கலியாணத்துக்கும் இதே மேடை, இதே மாலை. பேந்து அவ அழுதழுது மாப்பிள்ளையோடை ரொறன்ரோ போயிட்டா. எனக்கு ஆர் எண்டு அம்மா சொல்லேல்லை."

ஒரு கிழமை பள்ளிக்கூடம் மறித்தது, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கியது, தாய் போனில் அழுதது, எல்லாவற்றையும் வைத்துப் பிள்ளை தானாகவே கணக்குப் போட்டிருக்கிறாள்.

அண்ணையின் மனைவியைக் கூப்பிட்டேன். "பிள்ளைக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"அதுகளைப் பிள்ளையோடை எப்பிடிக் கதைக்கிறது, மச்சாள்? வெக்கமாக் கிடக்கு. பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுப்பினம் எண்டு நினைச்சன்."

வந்ததே எனக்குக் கோபம்! "ஊர்ச் சனத்துக்கெல்லாம் அழைப்புக் காட் அடிச்சுக் குடுக்க வெக்கமில்லை, பெத்த பிள்ளையிட்டைச் சொல்லத்தான் வெக்கமோ?"

அண்ணை கதவைத் தட்டினார். "கெதியா வாங்கோ, வீடியோக்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"நிக்கட்டும்," என்று கதவைப் பூட்டினேன்.

பிள்ளையின் தாய் கட்டிலில் இருந்தபடி, திக்கித் திக்கிச் சொன்னார். இரத்தம் ஏன் வருகிறது, மாதாமாதம் வரும், இது நோய் வருத்தம் இல்லை. பிள்ளை எப்படி உண்டாகிறது என்ற இடத்தில் அவருக்கு வாய் அடைத்துவிட்டது. மிச்சத்தை நான் சொன்னேன். உன் விருப்பமில்லாமல் உன்னை ஒருவரும் தொடக்கூடாது என்றும், கலியாணம் நீ வளர்ந்து, நீயே ஓம் என்று சொன்னால்தான் என்றும் சொன்னேன்.

ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள். பிறகு எழும்பி, கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பள்ளிக்கூடப் பையை வெளியே இழுத்தாள். உள்ளே இரண்டு சட்டை, பல் துலக்கும் பிரஷ், படுக்கும்போது கட்டிப்பிடிக்கிற கரடிப் பொம்மை.

அவள் தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, எல்லாம் முடிய நானும் உங்களோடை வீட்டை வரலாமோ, அம்மா?"