தேன்வாயரும் கழிப்பறைக் கதவும்

அவரைத் தெருவே தேன்வாயர் என்றுதான் கூப்பிடும். ரொம்ப வருடம் ஓட்டல் வரவேற்பில் நின்றவர். குழாயில் வெந்நீர் வராவிட்டாலும் விருந்தாளி சிரித்துக்கொண்டே போகும்படி பேசிவிடுவார். அந்த வாய் சாமர்த்தியத்தில்தான் வெளிநாட்டு உதவித் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஓட்டலை விட்டாலும் பழக்கம் விடவில்லை. ஜனங்கள் பொரிந்து தள்ளுவதையெல்லாம் சர்க்கரை தடவித்தான் தமிழ் தெரியாத திட்ட அதிகாரியம்மாளிடம் சொல்வார். குறை சொன்னால் உதவி நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். பாவம், மற்றபடி கெட்ட எண்ணம் கிடையாது.

திட்டத்தில் கட்டிய பொதுக் கழிப்பறையின் கதவு நேரே பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. எந்த மகானுபாவன் வரைந்த படமோ! ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதே படத்தை வைத்து இன்னும் நான்கு கட்டப் போகிறார்கள். அன்றைய கூட்டத்தில் அது முடிவாகிவிடும்.

பள்ளிக்கூட அறையில் கூட்டம். பழக்கடைக்காரி எழுந்து மூச்சுவிடாமல் கதவைத் திட்டித் தீர்த்தாள். தேன்வாயர் இரண்டே வரியில் மொழிபெயர்த்தார். அதிகாரியம்மாள் முகம் மலர நன்றி சொன்னார்.

தேன்வாயரின் மனைவி, தையல்காரி, எழுந்து நின்றாள்.

"ஏங்க, தாழ்ப்பாள் இல்லைன்னு அவ கத்துறா. அந்தம்மா எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"எல்லாம் சொல்லிட்டேன். நீ உக்காரு, வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசினா தாழ்ப்பாள் வந்துடுமா? நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. சாயங்காலமானா நான் தண்ணி குடிக்கிறதில்ல. இருட்டுல கதவைப் பிடிக்க ஆள் கிடைக்காது. அதைச் சொல்லுங்க."

தேன்வாயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தண்ணீர் குடிக்காமல் படுப்பதைத் தினமும் பார்க்கிறவர்தான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகப் போயிற்று. கனைத்துக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

அதிகாரியம்மாளின் சிரிப்பு மறைந்தது. படத்தை மேசையில் விரித்து, கதவுகளை எல்லாம் பென்சிலால் கோடு போட்டு அடித்தார். எந்தப் பக்கம் வாசல் வேண்டும், எங்கே விளக்கு வேண்டும் என்று நீங்களே வந்து வரையுங்கள் என்றார். குறை சொல்வது உங்கள் உரிமை, அதற்காக எந்த உதவியும் நிற்காது என்றார். பழக்கடைக்காரிதான் முதலில் பென்சிலைப் பிடுங்கினாள். அறையே கலகலத்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அதிகாரியம்மாள் இன்னொன்றும் கேட்டார். தேன்வாயர் வழக்கம்போலப் பெண்கள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்.

"இத்தனை நாளா இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லலைன்னு கேக்கறாங்க."

"எங்களை ஏன் பாக்கறீங்க?" என்றாள் தையல்காரி. "அதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."