பொருட்காட்சிக்குச் செய்த அருவி

போன வாரம் தென்காசியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதமாகிறது. உள்ளறையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குக் கீழே ஒரு செல்போன் கிடந்தது, அதிலிருந்து உஸ்ஸென்று ஓயாத ஒரு சத்தம். என்ன அது என்று கேட்டேன்.

"அருவிச் சத்தம்ணே. இதைப் போட்டாத்தான் தூங்குதான்" என்றாள்.

வண்டியை எடுத்தால் கால் மணி நேரத்தில் நிஜ அருவி. அது கிடக்கட்டும். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது அருவி இல்லட்டி. அப்பளம் பொரியுத சத்தம்" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு கொறை. பிள்ள தூங்குதாம்லா, பேசாம இருண்ணே."

அவள் சொல்வதும் சரிதான். பிள்ளை தூங்கினால் போதும், அது அருவியாக இருந்தால் என்ன, அப்பளமாக இருந்தால் என்ன? இரண்டுக்கும் நடுவில் ஒரு திருகை அரை வட்டம் திருப்புகிற வித்தியாசம்தான் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் லிங்கம். முழுப்பெயர் குற்றாலிங்கம். குற்றாலத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இவன் மட்டும் திரும்ப மாட்டான். அதன் காரணம் எங்களுக்குத் தெரியவந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்கு ஏதாவது செய்யும் என்று நினைத்தால், அப்படி ஒன்றும் செய்வதில்லை. நீங்களும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

அப்போது நான் தென்காசியில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், வீடியோ எடிட்டிங் கடையில் வேலை பார்த்தேன். எல்லாம் கல்யாண வீடியோக்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து முளைத்து வருவார்கள், இதயத்துக்குள் பம்பரம் மாதிரி சுற்றுவார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பெரிய பங்கு உண்டு. லிங்கம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். ஆலங்குளம், ஆய்க்குடி, சுரண்டை என்று கோயில் கொடையும் கல்யாண வரவேற்புமாகப் பிழைப்பு ஓடியது. ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். மத்தியான நேரத்தில் லிங்கம் ஒரு மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறி வருவான். பைக்குள் சத்தம் செய்கிற ஒரு எலக்ட்ரானிக் பெட்டி இருக்கும்.

பெட்டி கடையநல்லூர்க்காரர் ஒருவருடையது. துபாயில் இருந்தபோது என்னவோ ஆசையில் வாங்கியிருக்கிறார், ஊருக்கு வந்ததும் ஆசை போய்விட்டது. மகள் கல்யாண வீடியோ விஷயமாக எங்கள் கடைக்கு வந்தவர், இது யாருக்காவது பயன்படுமா என்று மேஜைமேல் எடுத்து வைத்தார். லிங்கம் அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அத்தோடு விலையையும் கொஞ்சம் ஏற்றித்தான் விற்றார், பாவி மனுஷன்.

சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். கீழே வரிசையாகப் பதினாறு ரப்பர் பொத்தான்கள், மேலே திருகுகள். பொத்தான்களை அழுத்தி வைத்தால் சின்ன வெளிச்சம் ஒன்று இடமிருந்து வலமாக ஓடும், அழுத்திய இடத்திலெல்லாம் சத்தம் வரும், கடைசிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆயத்தமாகச் செய்து வைத்த சத்தங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே இருந்தன. லிங்கம் முதல் வேலையாக அத்தனையையும் அழித்தான்.

"ஏம்லே?" என்றேன்.

"அடுத்தவன் சத்தம் நமக்கு எதுக்கு? நாமளே பண்ணுவோம்லே."

அழித்த பிறகு மிஞ்சியது இரண்டே சரக்குதான். ஒன்று, கொசு மாதிரி ரீங்காரம். இன்னொன்று, பழைய டிவியில் படம் வராதபோது வருமே, அந்த இரைச்சல். இவற்றைத் திருகுகளால் செதுக்க வேண்டும். ஃபில்டர் என்று ஒரு திருகு. இடப்பக்கம் திருப்பினால் சத்தத்தின் கூர்மை குறைந்து கம்பளிக்குள் போய்விடும், வலப்பக்கம் திருப்பினால் கத்தியாகும். அதை வைத்துக்கொண்டு லிங்கம் தகரக் கொட்டகையில் மழை செய்தான், டவுன் பஸ் பிரேக் பிடிப்பதைச் செய்தான். உறுமி செய்யப் போய் ஒருநாள் தவளை வந்தது. அதையும் பத்திரமாகச் சேமித்து வைத்தான். எனக்கு இசையில் தெரிந்தது வால்யூமைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். அதனால் ரசிகனாக இருந்துகொண்டேன், எதைக் கேட்டாலும் நல்லாருக்கு என்பேன்.

நேந்திரங்காய் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் வேகிற வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அவன் வீட்டு ஞாபகம் வந்துவிடும். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற கடைவீதியில் அவர்களுக்கு ஒரு சிப்ஸ் கடை உண்டு, வீடு கடைக்குப் பின்னாலேயே. சீசனில் அருவி விழுகிற சத்தம் சுவரைத் தாண்டி அடுக்களை வரைக்கும் வரும். அதற்கு மேலே பேச வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். முதல் தடவை போனபோது குடும்பச் சண்டை நடக்கிறது என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த வீட்டில் யாரும் எதையும் ஒரே தடவையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆங்? என்னது? என்று ஒருத்தர் கேட்க, மற்றவர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல, அதுதான் அவர்கள் பேசுகிற முறை. சீசன் முடிந்து அருவி நூலாகி நின்றுவிட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகாது.

அந்த ஆடியில் தென்காசியில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், பேசும் தலை எல்லாம் உண்டு. நுழைவாயிலில் ஃபைபரில் ஒரு குற்றாலம் கட்டியிருந்தார்கள். பாறை உண்டு, பொம்மைக் குரங்கு உண்டு, மோட்டார் வைத்து மேலிருந்து தண்ணீரும் விட்டார்கள். ஆனால் சத்தம் மட்டும் குழாயடியில் வாளி நிறைகிற சத்தமாக இருந்தது. பொருட்காட்சி நடத்தியவர் எங்கள் கடையில் விளம்பரப் படம் செய்ய வந்தபோது, "தம்பி, அருவிச் சத்தம் ஒண்ணு வேணும், நம்ம ஊரு அருவி மாதிரியே இருக்கணும்" என்றார். லிங்கம் பக்கத்திலிருந்தான். நான் செய்யுதேன் அண்ணாச்சி என்றுவிட்டான். அவன் சொந்தமாகச் செய்த சத்தத்தை நாலு பேர் கேட்பது அதுதான் முதல் தடவை. மேடையில் அவன் வாசித்ததெல்லாம் அடுத்தவர் பாட்டு. இது சரியாக வந்தால் இந்த வேலைக்கே போய்விடுவேன், மெட்ராசில் படத்துக்குச் சத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நிஜ அருவியையே பதிவு செய்துவிடலாமே என்றேன் நான், பெரிய புத்திசாலி மாதிரி. போய்ச் செய்தோம். கடைக்கு வந்து போட்டுக் கேட்டால், போலீஸ் விசில், "ஏலே தள்ளி நில்லுலே", ஒரு குழந்தையின் அழுகை, எண்ணெய் தேய்க்கிறவர் கூப்பாடு, இவற்றுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு காகிதத்தைக் கசக்குகிற சத்தம். அந்தக் காகிதம்தான் அருவி.

அப்புறம்தான் பெட்டியில் செய்யத் தொடங்கினான். அருவிக்கு மூணு சத்தம் உண்டுலே என்றான். அடியில் பாறையில் மோதுகிற இடி. நடுவில் இரைச்சல். இரண்டுக்கும் மேலே, உடைந்து தூளாகப் பறக்கிற தண்ணீரின் சத்தம், அதற்குத் தூவானம் என்று பெயர் வைத்தான். மூன்றையும் தனித்தனியாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிட வேண்டும். எனக்கு அதுவரை அருவி ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல மூன்றும் பிரிந்து கேட்டன. ஒருநாள் சாயங்காலம் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வாசலில் காற்று ஆளைத் தள்ளும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"பாரு, ஒரே மாதிரி அடிக்கல. ஒரு மூச்சு விட்டு, நிப்பாட்டி, மறுபடி விடுது. தண்ணியையும் இந்தக் காத்துதான் தள்ளுது. தூவானத்துல இந்த மூச்சு வேணும்."

மூச்சு அழகாக வந்தது. ஆனால் தூவானத்தை மட்டும் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டே போனான். எனக்குக் காது கூசியது. கொஞ்சம் அதிகமாகத் தெரியுதே என்றால், "தூவானமே காணலியேலே" என்பான். சத்தம் அவன் வித்தை, எனக்கு என்ன தெரியும் என்று இருந்துகொண்டேன்.

பொருட்காட்சி திறந்த அன்று பெரிய ஸ்பீக்கர் இரண்டில் அருவி ஓடியது. உள்ளே வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கைப்பிள்ளைகள் வீறிட்டன. அப்பளக் கடைக்காரர் எழுந்து வந்து சண்டை போட்டார். பொருட்காட்சிக்காரர், "தம்பி, காது கிழியுதுப்பா, கொறைங்க" என்று கெஞ்சினார். லிங்கம் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தணும் அண்ணாச்சி. தூவானம் பத்தல."

நான் பெட்டியைப் பார்த்தேன். தூவானத்தின் ஃபில்டர் வலது கோடி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. இதற்கு மேல் திருப்ப இடமே இல்லை. எது பிரச்சனை என்று காட்டலாம் என்றுதான் இடியையும் இரைச்சலையும் நிறுத்திவிட்டு, தூவானத்தை மட்டும் ஓடவிட்டேன். கம்பியை இழுத்த மாதிரி கூர்மையாக, ராட்டினம் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குப் பல் கூசியது.

லிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "ஏம்லே எல்லாத்தையும் நிப்பாட்டிட்ட?"

நான் பெட்டியைக் காட்டினேன். பெட்டியில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஜனங்களைப் பார்த்தான். ஒரு பொத்தானை அழுத்தி அவனே நிறுத்தினான்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். முதலில் அழுத்தினான். சத்தம் கூர்மையாகக் கூர்மையாக, விரல் பொத்தான்மேல் அப்படியே இருந்தது, அழுத்தவே இல்லை. காது நரம்பு பலவீனம் என்றார் டாக்டர். கூர்மையான மேல் சத்தங்கள் முன்னமே போய்விட்டன, மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. எப்போதிருந்து என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

சிப்ஸ் கடையில் அவன் அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை.

"காது கேக்கலியா? எங்க வீட்ல யாருக்குய்யா ஒரு தடவ சொன்னாக் கேக்கும்?" என்று சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். ஆங், என்னது என்று அவன் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறான். அந்த வீட்டில் அது வித்தியாசமாகவே தெரியவில்லை. வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் முன்னமே கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு அழுகை வரவில்லை. பேரருவிக்கு அடியில் ரொம்ப நேரம் நின்றால் தோள் மரத்துப்போகும், அடி விழுவது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அதன் பிறகும் கொஞ்ச காலம் பெட்டியோடு வந்தான். அவன் திருகுவான், நான் கேட்க வேண்டும். நான்தான் அவனுக்குக் காது, நல்ல காதாகப் பார்த்துப் பிடித்தான். எதைப் போட்டாலும் நல்லாருக்கு என்றேன். "நீ எல்லாத்தையும் நல்லாருக்குன்னே சொல்லுத" என்று ஒருநாள் பெட்டியை அணைத்துவிட்டு, சங்கரன்கோவிலில் பாட்டு வகுப்பு வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். மெல்லிசைக் குழுவில் மேடைக்கு மேடை சுருதி விலகத் தொடங்கியது. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த சீசனில் குற்றாலம் போனபோது கடையில் லிங்கம்தான் உட்கார்ந்து நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தான். காது மெஷின் சட்டைப் பையில் கிடந்தது. சீசனில் மாட்டினால் தலை முழுக்க ஒரே உறுமல்தான், பிரயோசனம் இல்லை என்றான். நான் அவன் வீட்டுக்காரர்கள் மாதிரியே கத்திப் பேசினேன். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. சீவுவதை நிறுத்திவிட்டு அருவிப் பக்கம் தலையைக் காட்டிக் கேட்டான்.

"இன்னைக்கு எப்படி இருக்குலே? தூவானம் கேக்கா?"

நான் நின்று கேட்டேன். எனக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டும் கேட்டேன். இடி எது, நடு எது, தூவானம் எது என்று பிரியவே இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக இருந்தது, அவன் சொல்லித் தருவதற்கு முன்னால் இருந்த மாதிரியே.

"கேக்கு. நல்லாருக்கு" என்று கத்தினேன்.

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையாட்டிவிட்டுக் காயை எடுத்தான். அந்த மூன்று சத்தமும் இப்போது யாருக்கும் கேட்பதில்லை. அவனுக்குக் காது இல்லை. எனக்கு அவன் சொல்ல வேண்டும்.