மெல்லும் தாடை

மணிமங்கலத்தில் வெள்ளம் புகுந்த நாளில், விடுதியில் சிக்கிய எங்கள் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த படகில் துடுப்பு வலித்த நால்வரில் நானும் ஒருவன். துடுப்பு வலிப்பவனுக்குப் போகிற திசை முதுகுப்பக்கம். எதையும் கடந்த பிறகுதான் பார்க்க முடியும். எங்களுக்கு எதிரே சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்தவர் மட்டும்தான் வழியைப் பார்த்தார். ஒடிசலான மனிதர், தொளதொளத்த மழைக்கோட்டு. எதையோ ஓயாமல் மென்றபடி, "இழு... வுடு..." என்று தாளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திடீரென்று முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இரைந்தது. துடுப்பை விடாமலே கேட்டேன்.

"முன்னால இன்னா கீதுண்ணே?"

"ஒண்ணுமில்ல. என் மூஞ்சியப் பாத்து இழு."

தாடை நிதானமாக அசைந்துகொண்டிருந்தது. மெல்கிறாரே, பயமில்லை என்று நம்பி இழுத்தேன். சற்று நேரத்தில் அது என் கண்ணெதிரே வந்தது. உடைந்த மதில் வழியாக வெள்ளம் சுருட்டிக்கொண்டு பாய்ந்தது. ஒரு துடுப்பு தூரத்தில் அதைக் கடந்திருக்கிறோம்.

மேட்டில் இறங்கியதும், "எனக்கும் கொஞ்சம் பாக்கு குடுண்ணே" என்றேன்.

அவர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"சும்மாத்தாம்பா மெல்றேன். என் மூஞ்சி மாறுச்சின்னா நாலு பேரும் திரும்பிப் பாப்பீங்க. படகு கவுந்துடும்."

அடுத்த நடைக்கு வேறு நால்வர் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து உட்கார்ந்ததும் அவருடைய தாடை மறுபடி அசைய ஆரம்பித்தது.