மூன்று வண்டியும் ஒரு ‘சொகமில்ல’வும்

புதுக்கடை அக்கா பின்சீட்டில் இருந்து “சொகமில்ல” என்று சொன்னார்கள். நாங்கள் வண்டியை மாற்றினோம். அடுத்த வண்டியிலும் “சொகமில்ல” என்றார்கள். அதையும் மாற்றினோம். அவர்களுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வருகிறது என்பது மூன்றாவது வண்டியில்தான் எங்களுக்குப் புரிந்தது.

நம்ம ஓட்டுநர் சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்து வருகிற பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். வீடு மயிலாடிப் பக்கம். அய்யாவழிக் குடும்பம். “அய்யா உண்டு” என்று சொல்லாமல் எந்த வண்டியிலும் சாவி போட்டதில்லை. இப்போது வருகிற வண்டிகளில் சாவி போடத் துவாரமே இல்லை, பொத்தானை அமுக்கினால் போதும். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் அமுக்குகிறேன்.

முதலாளி தந்த மூன்று சொல்

நாகர்கோவிலை விட்டு வெளியே பைபாஸ் ரோட்டில் எங்கள் முதலாளியின் யார்டு. ஏற்கெனவே ஓடிய லக்சுரி கார்களை வாங்கி, துடைத்து, விற்கிறார். வருகிறவர்களை உட்காரவைத்து டெஸ்ட் டிரைவ் கொண்டுபோவது என் வேலை. சேர்ந்த அன்றைக்கே முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அண்ணே, பெர்ஃபார்மன்ஸ், கம்ஃபர்ட், இமேஜுன்னெல்லாம் பேசப்படாது. வாற ஆளு மெரண்டுருவாரு. இழுவை, சொகம், மவுசு. இந்த மூணு வார்த்தைதான். ஓட்டி முடிச்சதும் பின்சீட்டைப் பாத்து, சொகமா இருந்துதான்னு ஒரு வார்த்த கேளுங்க. சொகமில்லன்னு சொன்னா பேசாம அடுத்த வண்டிய எடுத்துருங்க. வாதம் பண்ணக்கூடாது.”

அப்படியே செய்துவந்தேன். சொகம் என்ற சொல்லுக்கு எனக்கு வேறு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. எங்கள் கிழக்குப் பக்கம் உடம்பு சரியில்லை என்றால் “மேலுக்கு முடியல” என்போம். மேற்கே கருங்கல், புதுக்கடைப் பக்கம் போனால் அதற்குத்தான் “சொகமில்ல” என்பார்கள். இது எனக்குத் தெரியாதது அல்ல. என் பெண்ணைக் கொடுத்திருக்கிற ஊரே அந்தப் பக்கம்தான். தெரிந்திருந்தும் அன்றைக்கு அது தலையில் ஏறவில்லை.

எது நல்ல வண்டி என்று கேட்டால்

கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. யார்டில் நாங்களும் சொல்வதில்லை. வண்டியின் மூக்கில் இருக்கிற அடையாளத்தை வைத்து நட்சத்திரம், நீலவெள்ளை, நாலு வளையம் என்றுதான் பேச்சு.

இழுவை என்று பார்த்தால் நீலவெள்ளை. மிதித்ததும் பின்சக்கரம் தள்ளுவது முதுகில் தெரியும். ஸ்டீயரிங் நினைத்த இடத்துக்குத் திரும்பும். சொகம் என்றால் நட்சத்திரத்தின் பின்சீட்டு. குழியில் இறங்கினால் சத்தம் கேட்குமே தவிர அடி வராது. நாலு வளையம் மழைக்கு நல்லது, நாலு சக்கரமும் ரோட்டைப் பிடிக்கும். உள்ளே இருக்கிற விளக்கெல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

இப்படித்தான் வருகிறவர்களிடம் சொல்வேன். சொல்லிவிட்டு எனக்கே சந்தேகமாக இருக்கும். நீலவெள்ளையைக் கம்ஃபர்ட் மோடில் போட்டால் அதுவும் மிதக்கிறது. நட்சத்திரத்தை ஸ்போர்ட் மோடில் போட்டால் அதுவும் பாய்கிறது. அப்புறம் எதற்கு மூன்று கம்பெனி? இழுவையைத்தான் எங்கே போய்க் காட்டுவது? பைபாஸை விட்டு இறங்கினால் வளைவு, வளைவு திரும்பினால் எதிரே பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் வாழைக்குலை ஏற்றிய மினி லாரி.

மவுசு அதைவிடக் குழப்பம். ஒரு டாக்டர் நட்சத்திரம்தான் மரியாதை என்று சொல்லி வாங்கிப்போனார். அதே வாரம் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, “இது பல்லு போனவங்க வண்டில்லா” என்றான். குளச்சல் படகு முதலாளி ஒருவர் மூன்றையும் சுற்றிவந்து பார்த்தார். “அண்ணாச்சி, கடப்பொறத்துல கொண்டு நிறுத்துனா காக்கா மூணு மேலயும் ஒண்ணு போலத்தான் எச்சமிடும்” என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். யார் சொல்வது சரி என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை.

டென்னிசன் அண்ணாச்சி

புதுக்கடை டென்னிசன் அண்ணாச்சி கல்ஃபில் கடை வைத்திருந்து திரும்பியவர். சபைக் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். அவருடைய மனைவிதான் நான் முதலில் சொன்ன ரோஸ்லெட் அக்கா. அக்காவின் தம்பி, அதாவது அண்ணாச்சியின் மச்சான், நட்சத்திர வண்டி வாங்கி வீட்டு முன்னால் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலமுறை தனியாக வந்து மூன்றையும் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வேறு வண்டி பிடிக்கும். கடைசியில், “பொம்பளையாளு இருந்து பாக்கட்டும். அவ எதைச் சொல்லுதாளோ அதை எடுக்கேன்” என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா இறங்கும்போதே முகம் வாடித்தான் இருந்தது. வர விருப்பமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நட்சத்திரத்தில் ஏற்றினேன். அண்ணாச்சி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏட்டி, காலை நல்லா நீட்டிப் பாரு.”

“நீட்டியாச்சு. வீட்டுலயும் நீட்டலாம்.”

“தம்பி வண்டியில போனா மட்டும் ஒனக்குப் பல்லு தெரியுது.”

“அவன் பெட்ரோல் அடிக்கான், நான் சிரிக்கேன். ஒங்களுக்கு என்ன?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பைபாஸில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பும்போது அக்கா பேச்சை நிறுத்தியிருந்தார்கள். யார்டில் நிறுத்தி, வழக்கம்போல, “சொகமா இருந்துதாக்கா?” என்று கேட்டேன்.

“சொகமில்ல தம்பி” என்றார்கள்.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீரா! அவன் வண்டி சொகமில்லன்னு அவன் அக்காளே சொல்லிட்டா!” என்று கையைத் தட்டினார். முதலாளியும் சிரித்தார். அடுத்ததாக நீலவெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினோம்.

அதில் ஏறும்போது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்கள். வண்டி உயரம் குறைவு, குனிந்து ஏறக் கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அண்ணாச்சி ஸ்போர்ட் மோடில் போடச் சொன்னார். போட்டேன். வண்டி பாய்ந்தது. அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். யார்டில் வந்து நிறுத்தியதும், நான் கேட்பதற்கு முன்பே பின்னால் இருந்து குரல் வந்தது.

“இஞ்ச பாருங்க, சொகமில்ல.”

“இதுவுமா சொகமில்ல? அப்போ நாலு வளையந்தான்” என்றார் அண்ணாச்சி. “ஒரு வேல செய்வோம் தம்பி. பைபாஸ் எல்லா வண்டிக்கும் நல்லாத்தான் இருக்கும். அதை நம்ம ரோட்டுல விட்டுப் பாப்போம். குளச்சல் வரைக்கும் போவோம்.”

மறுபடியும் வண்டியை மாற்றினோம். ஒரே சொல்லை இரண்டு முறை கேட்டுவிட்டு ஒருத்தராவது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அண்ணாச்சி டேஷ்போர்டைப் பார்த்தார், முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன்.

திங்கள்சந்தை தாண்டிய பிறகு

திங்கள்சந்தை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் சீட்டின் பின்பக்கம் ஒரு கை தட்டியது. பலமாக இல்லை, பூனை பிறாண்டுகிற மாதிரி.

“தம்பி... கொஞ்சம் வெள்ளம்...”

குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன். ஏ.சி. குளிரில் அக்காவின் கழுத்தெல்லாம் வியர்வை. சேலை முந்தி நனைந்து ஒட்டியிருந்தது. இடது கையைத் தூக்க முடியாமல் மடியில் போட்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தச் சொல் எனக்குள் திரும்பி விழுந்தது. வண்டியை ஓரம் கட்டி, “அண்ணாச்சி, அக்காவுக்குச் சொகமில்ல!” என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நாலு வளையமும் பிடிக்கவில்லையா என்பது போலத்தான் முதலில் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பினார். “ரோசு...” என்று மட்டும் சொன்னார். இறங்கி ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறி, அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நாகர்கோவிலுக்குத் திரும்புவதா, குளச்சலுக்குப் போவதா? குளச்சல் ஆஸ்பத்திரிதான் பக்கம். அய்யாவைக் கூப்பிட்டுக்கொண்டு மிதித்தேன்.

இவ்வளவு காலம் இழுவை, சொகம் என்று பேசிக்கொண்டிருந்தேனே, அந்த இரண்டும் அன்றைக்கு ஒன்றோடொன்று சண்டை போட்டன. அண்ணாச்சி பின்னால் இருந்து, “சவுட்டு தம்பி, சவுட்டு!” என்கிறார். மிதித்தால், வளைவில் அக்காவின் உடம்பு ஒருபக்கம் சாய்கிறது. “பைய... பைய போ தம்பி...” என்று அவர்கள் முனகுகிறார்கள். வேகமாகப் போனால் அலுங்குகிறது. மெதுவாகப் போனால் நேரம் போகிறது. எதைக் கேட்பது? எனக்குத் தெரியவில்லை. இப்போது கேட்டாலும் தெரியாது. நேர் ரோட்டில் அண்ணாச்சி சொன்னதைக் கேட்டேன், வளைவில் அக்கா சொன்னதைக் கேட்டேன்.

ஒரு முக்கில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கோயில் கொடைக்கு வசூல். ஆட்டோவையும் பைக்கையும் விட்டுவிட்டு எங்கள் வண்டியைக் கண்டதும் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு வாலிபன் ரசீதுப் புத்தகத்தோடு வந்தான். என் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

“அண்ணாச்சி, பெரிய வண்டியில வந்திருக்கிய. பெருசாத் தரணும்.”

“மக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறோம், விடுப்பா.”

“எல்லாப் பெரிய வண்டியும் எங்க முக்குக்கு வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்” என்று சொல்லிச் சிரித்தான்.

பின்னால் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. ஓரமாகப் போய்விடலாம் என்று ரிவர்ஸ் போடக் கையை ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் கொண்டுபோனேன். நட்சத்திரத்தில் அங்கேதான் கியர் தண்டு. நாலு வளையத்தில் அங்கே இருப்பது வைப்பர். சுட்டெரிக்கிற வெயிலில் வைப்பர் இரண்டும் பரக் பரக்கென்று ஆடின. பையன்கள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து மூன்று வண்டி மாறியதில் என் கை எந்த வண்டியில் இருக்கிறது என்று கைக்கே தெரியவில்லை.

அண்ணாச்சி பின்கண்ணாடியை இறக்கினார். அந்த வாலிபன் குனிந்து பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

“எலே, கயித்த விடுங்கலே! அம்மைக்குச் சொகமில்லலே!”

ஒரே தடவை சொன்னான். அவனுக்கும் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது விளங்கியது. கயிறு கீழே விழுந்தது. இரண்டு பையன்கள் பைக்கில் ஏறி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பறந்தார்கள். எதிரே வந்த மீன் வண்டி, பஸ், எல்லாம் அவர்களுக்குத்தான் ஒதுங்கின. நான் அவர்கள் பின்னால் போனேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியைப் பார்த்ததும் சல்யூட் வைத்துப் பார்வையாளர் பார்க்கிங்கைக் காட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மவுசு அப்படி. பைக் பையன்கள்தான் உள்ளே ஓடி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பெஞ்சில்

ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். முதல் மருந்து கொடுத்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் வண்டியில் பின்னால் போனேன். அங்கே பெஞ்சில் அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் “ஏசப்பா, ஏசப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடி அய்யாவை நினைத்தேன். நடுவில் ஒருமுறை என் கையைப் பிடித்தார்.

“ரெண்டு தடவ சொன்னாளே தம்பி. நான் கை தட்டுனேனே.”

“நானும் கேட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, இனி பயப்பட வேண்டாம் என்றார். அண்ணாச்சி தரையில் முழங்கால் போட்டுவிட்டார். என்னை அறியாமல் நானும் கையைக் கூப்பினேன். எங்கள் இருவரில் யார் வேண்டியது கேட்கப்பட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

அக்கா வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து இருந்தார்கள். அண்ணாச்சி தயங்கித் தயங்கி, “மூணுல எதுட்டி ஒனக்குக் கொள்ளாம்?” என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. கடைசியில ஒங்க தோளு இருந்துது. அது மட்டும் தெரியும்” என்றார்கள். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். அவர் இன்றுவரை எந்த வண்டியும் வாங்கவில்லை. அவ்வப்போது போன் செய்து, எதை எடுக்கலாம் என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்கிறேன்.

பிள்ளைகளே, எந்த வண்டி உசத்தி என்பதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாங்கள் கும்பிடப் போகிற தாங்கலில் சாமி இருக்கிற இடத்தில் கண்ணாடிதான் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் நின்று, அதில் தெரிகிற மனுஷ முகத்தைப் பார்த்துத்தான் கும்பிடுகிறோம். அப்படிக் கும்பிட்டு வந்தவன், காரில் இருக்கிற கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியை மட்டும் பார்த்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். இப்போது வண்டியை எடுப்பதற்கு முன் அதைக் கொஞ்சம் கீழே சாய்த்து, பின்சீட்டில் இருக்கிறவரின் முகத்தை ஒரு தடவை பார்க்கிறேன். பிறகு ரோட்டுக்குத் திருப்பிக்கொள்கிறேன்.