ஷாத்லியாவும் பச்சை ஒளிராத செல்களும்

இன்றைக்கு என் இடது கண்ணால் சுவரில் மயிரிழை விரிசலைக்கூடப் பார்க்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஷாத்லியா. ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் நன்றி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அவரைப் புகழ ஊரே இருக்கிறது. ஷாத்லியாவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

நான் மப்ரூக். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பவன். கோடைக் கல்யாணங்கள் தொடங்குவதற்குள் எங்கள் ஊரில் ஒரு சுவர் விடாமல் அடித்து முடித்தாக வேண்டும். எல்லோருக்கும் நேற்றே வேண்டும். அப்படியொரு அவசரத்தில் சுண்ணாம்பு நீற்றும்போது தொட்டி கொதித்துத் தெறித்தது. இடது கண் வெந்தே போயிற்று. மேலே வெள்ளைப் படலம் படர்ந்து, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் அதில் தெரிந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. ஏணியில் அடுத்த படி எங்கே என்று காலால் துழாவ வேண்டியிருந்தது. ஏணி ஏற முடியாத வெள்ளையடிப்பவனை யார் கூப்பிடுவார்கள்?

கண் மருத்துவமனையில் டாக்டர் ஃபெர்ஜானி ஒரு வழி சொன்னார். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து கடுகளவு சதை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மெல்லிய படலமாக வளர்த்து, வெந்த கண்ணில் ஒட்டுவது.

"ஆனா ஒரே ஒரு தடவைதான் மப்ரூக். நல்ல கண்ணுல மறுபடியும் கை வைக்க மாட்டேன். அதுவும் கெட்டுப் போச்சுன்னா என்ன பண்றது?"

அந்தப் படலத்தை வளர்த்தவள்தான் ஷாத்லியா. கெர்கென்னா தீவில் ஆக்டோபஸ் பிடிக்கிறவரின் மகள். தலைநகர் தூனிஸில் உயிரியல் படித்துவிட்டு முதலில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், பிறகு இங்கே வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என் தட்டுல நான் வளர்க்கிற செல்லெல்லாம் பட்டினி கிடக்கும், உங்க வீட்டு மாப்பிள்ளைக்கு யாரு சமைக்கிறது?" என்பாள். வாய்த்துடுக்கு. சிரித்தால் வார்டு முழுக்கக் கேட்கும். எங்கள் ஊர் கால்பந்து அணி தோற்ற மறுநாள் அவளிடம் யாரும் நெருங்க முடியாது. அந்த வாரம் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பு அவளுக்குத்தான் வரப்போகிறது என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் நாள் காலை. வெறும் வயிற்றோடு, பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வஸீலா தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்தார்.

"மன்னிச்சுக்கோ மப்ரூக். படலம் தேறல. செல் எதுவும் பெருகவே இல்ல. ஒட்டினா நாலு நாள்ல உதிர்ந்துடும். அதைக் கழிச்சுட வேண்டியதுதான்."

வஸீலா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் கண்ணிலிருந்து எடுத்த சதை! குப்பையில் போடுவதற்கு முன் நான் பார்க்க வேண்டாமா? டாக்டர் கூப்பிடக் கூப்பிட, அங்கியோடு நடந்துபோய் ஆய்வுக்கூடத்துக் கதவைக் கையால் குத்தினேன்.

ஷாத்லியா திறந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே என் கண்ணை?"

"வாங்கண்ணே. நீங்களே பாருங்க."

இருட்டு அறைக்குள் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். நல்ல கண்ணை வைத்துப் பார்த்தேன். கறுப்பில் நீல நீலமாகப் பொட்டுகள், நெருக்கமாக.

"அந்த நீலமெல்லாம் உங்க செல்லுண்ணே. படலத்துல ஒரு மூலையை மட்டும் வெட்டிச் சோதிப்போம். ஒரு செல் ரெண்டாகிறதுக்கு முன்னாடி தனக்குள்ள இருக்கிற எழுத்தையெல்லாம் ஒரு படி எடுக்கும். அந்த நேரத்துல தீனியோட ஒரு போலி எழுத்தைக் கலந்து குடுப்போம். படி எடுக்கிற செல் அதையும் சேர்த்து எழுதிக்கும். சும்மா இருக்கிற செல்லு தொடாது. அப்புறம் ஒரு சாயம் ஊத்துவோம். போலி எழுத்து எங்க இருக்கோ அங்க மட்டும் ஒட்டிக்கிட்டுப் பச்சையா எரியும். நீலம் எத்தனை, அதுல பச்சை எத்தனைன்னு எண்ணினா எவ்வளவு பெருகுதுன்னு தெரிஞ்சுடும்."

"பச்சையே காணோமே?"

"காணோம்ணே."

அதைச் சொல்லிவிட்டு என்னை நகர்த்திவிட்டுத் தானே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தனக்குத்தானே முணுமுணுத்தாள்: "குறைவா இருக்கலாம். ஒண்ணுகூட இல்லாம எப்படி? நேத்து வரைக்கும் தட்டுல இடம் பத்தாம நெருக்கிக்கிட்டு இருந்துச்சே."

சட்டென்று விளக்கைப் போட்டாள். மேசையில் ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள். மேலே எழுதியிருந்தது ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து அழிந்திருந்தது. இரண்டிலிருந்தும் தண்ணீர் போன்ற ஏதோ ஒன்றைத் தனித்தனிக் குழாயில் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீலமாக ஒரு சொட்டு விட்டாள். ஒரு குழாய் கலங்கிப் பால் போலானது. இன்னொன்று கலங்காமல் தெளிவான நீலமாக நின்றது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

இரண்டு குழாயையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். குழாய் எதற்கு நீலமானது, எதற்குக் கலங்கியது என்று எனக்கு என்ன தெரியும்? "ஒண்ணுமில்லண்ணே, வார்டுக்குப் போங்க" என்றிருந்தால் போயிருப்பேன். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

"தப்பு என்னோடதுண்ணே" என்றாள். "சாயம் ஒட்டணும்னா கூடவே செம்பு வேணும். நான் விட்ட சொட்டும் செம்புதான். கலங்கினது வெறும் கழுவுற உப்புத்தண்ணி. இந்தத் தெளிவா நிக்கிறது தட்டுல ஒட்டின செல்லைப் பிரிச்சு எடுக்கிற தண்ணி. இது செம்பைப் பிடிச்சு வெச்சுக்கும், விடாது. சாயம் ஊத்தறதுக்கு முன்னாடி உங்க ஸ்லைடை நான் இதுலதான் கழுவியிருக்கேன். உங்க செல்லு மேல எந்தக் குறையும் இல்ல."

"கழுவுற தண்ணி எதுன்னு தெரியாதா உனக்கு? அடிப்பாவி, என் கண்ணைக் குப்பையில போட இருந்தீங்களேடி!"

"திட்டுங்க. ஆனா கொஞ்சம் பொறுத்துத் திட்டுங்க." எழுந்து போனை எடுத்தாள். "டாக்டர், படலத்தைக் கொட்டிட்டாங்களா? ... கொட்டாதீங்க. நான் கழுவின தண்ணி தப்பு. வாங்க."

டாக்டர் ஃபெர்ஜானி ஓடி வந்தார். "கூடவே நல்லாப் பெருகுதுன்னு தெரிஞ்ச செல்லை வெச்சு ஒரு சரிபார்ப்பு ஸ்லைடு போட்டிருப்பியே? அதுவும் இருட்டா இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"போடல. புதுச் சாயப்பெட்டி துறைமுகத்துல சிக்கிக் கிடக்குது. இருக்கிறதை மிச்சம் பிடிக்க நான்தான் இந்த மாசம் சரிபார்ப்பை நிறுத்தினேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஷாத்லியா, உன் பதவி விஷயமா நாளைக்குக் கமிட்டி கூடுது. சாயம் பழசுன்னு எழுதிக்கலாமே."

"சாயம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். அது மேல ஏன் பழி போடணும்? நடந்ததை எழுதுங்க. இப்ப ஆபரேஷன் தியேட்டர் எத்தனை மணி வரைக்கும் நமக்கு?"

"ரெண்டு."

"போதும். போலி எழுத்து செல்லுக்குள்ளதான் இருக்கு, எங்கயும் ஓடிப்போகல. நல்லாக் கழுவிட்டு மறுபடி சாயம் போடறேன்."

அதே ஸ்லைடைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். இந்தத் தடவை பக்கத்தில் ஒரு சரிபார்ப்பு ஸ்லைடும் இருந்தது; மிச்சமிருந்த சாயம் கடைசிச் சொட்டுவரை இரண்டின்மேலும் போயிற்று. வெளிச்சம் படாமல் மூடி வைத்தாள். மூவரும் காத்திருந்தோம். அவள் கடிகாரத்தையும் ஸ்லைடையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

நேரமானதும் விளக்கை அணைத்து முதலில் அவள் பார்த்தாள். உடனே என் தோளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

யா ரப்பி, என் இறைவா! நீலத்துக்கு நடுவே பச்சை. இங்கே ஒன்று, அங்கே கொத்தாக நாலு, ஓரம் முழுக்க இறைத்துவிட்டாற்போல். என் உடம்புதான், எனக்குத் தெரியாமல் இருட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நல்ல கண்ணும் அழுதது, வெந்த கண்ணும் அழுதது.

"அழாதீங்கண்ணே, லென்ஸ் நனையுது" என்றாள் ஷாத்லியா. சொன்னவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

இரண்டு மணிக்குள் படலத்தை ஒட்டிவிட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்று முதலில் மூடுபனி மாதிரிதான் தெரிந்தது. வாரங்கள் போகப்போகத் தெளிந்தது. "நீ எப்போ இவ்வளவு நரைச்சே?" என்று வஸீலாவைக் கேட்டு அடி வாங்கினேன். அடுத்த கோடைக்கு முன் ஏணி ஏறிவிட்டேன்.

கமிட்டி என்னையும் கூப்பிட்டு விசாரித்தது. அவள்மேல் எனக்கு ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார்கள்.

"அந்த அறையில அவளைத் தவிர நான் ஒரு முட்டாள் மட்டும்தான் இருந்தேன் ஐயா. அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா உங்களுக்கு ஒரு விசாரணையும் இல்ல, எனக்குக் கண்ணும் இல்ல. இதுல நான் என்ன புகார் சொல்றது?" என்றேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தலைமைப் பொறுப்பை வேறொருவருக்குத்தான் கொடுத்தார்கள். செய்தி தெரிந்ததும் வஸீலா உலர்ந்த ஆக்டோபஸ் போட்டு வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சினாள், எடுத்துக்கொண்டு போனோம். பாத்திரத்தை அவள் முன்னால் வைத்தேன். ஷாத்லியா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்காகவே இன்னொரு பதவியும் போகலாம்" என்று சிரித்தாள். உள்ளே வலித்திருக்கும். எனக்குத் தெரியாதா?

"ஏன்மா சொன்னே? எனக்குத்தான் ஒண்ணும் புரிஞ்சிருக்காதே" என்று அன்றுதான் கேட்டேன்.

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க செல்லு உயிரோட இருக்குதுண்ணே. செத்துப்போச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவளுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. எனக்குக் கண் கிடைத்தது. தொழுது முடித்துக் கையேந்தும்போது என் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் அவள் பெயர்தான் வாயில் வருகிறது. வஸீலாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இப்போது அவளும் ஷாத்லியாவின் பெயரைச் சொல்லித்தான் முதலில் வேண்டுகிறாள்.